டப்ளினில் கிடந்த கடிதங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

மதுரையில் வாங்கிய சோதனை வாரண்டைக் காட்டி கொழும்பில் ஒரு வீட்டுக் கதவைத் தட்ட முடியாது. தேடுவது மின்னஞ்சல் என்றால், தட்ட வேண்டிய கதவு எது?

2013 டிசம்பரில் நியூயார்க்கில் இந்தச் சிக்கல் வந்தது. போதைப்பொருள் வழக்கு ஒன்றில், ஒரு மின்னஞ்சல் கணக்கில் உள்ளதையெல்லாம் தரச் சொல்லி மைக்ரோசாஃப்டுக்கு மாஜிஸ்திரேட் வாரண்ட் பிறப்பித்தார். கணக்கைப் பற்றிய மேலோட்டமான விவரங்கள் அமெரிக்காவிலேயே இருந்தன, கொடுத்துவிட்டார்கள். கடிதங்களோ அயர்லாந்தில், டப்ளின் சர்வரில். தர மாட்டோம் என்றது நிறுவனம்.

அவை டப்ளினுக்கு எப்படிப் போயின? கணக்குத் தொடங்கும்போது "எந்த நாடு?" என்று ஒரு கட்டம் வருமே, அதில் கணக்குக்காரர் சொன்ன பதிலை வைத்துத்தான். உண்மையிலேயே அந்த நாட்டுக்காரரா என்று யாரும் சரிபார்க்கவில்லை. ஒரு சொடுக்கில் சொன்ன நாட்டுப் பெயரை நம்பி, நாலு வருடத்துக்கு மேல் வழக்கு நடந்தது!

அமெரிக்காவில் இருக்கும் ஊழியரே உட்கார்ந்த இடத்திலிருந்து எடுத்துத் தரலாமே என்றது அரசு. அயர்லாந்தில் இருப்பதை அயர்லாந்து அரசு வழியாகக் கேளுங்கள், அதற்கு ஒப்பந்தம் இருக்கிறது என்றது நிறுவனம். 1986-ல் எழுதிய சட்டத்தில் இதற்கு விடை தேடினார்கள். 2016-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் நின்றது. உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் விசாரித்தது. தீர்ப்பு வருமுன் மார்ச்சில் 'கிளவுட் சட்டம்' வந்துவிட்டது. தரவு எந்த நாட்டில் கிடந்தாலும், உன் கையில் இருந்தால் கொடு என்பதே அதன் சாரம். வழக்கு முடிந்தது.

சர்வர் கிடக்கும் இடத்தைப் பிடித்துத் தொங்குவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் கடிதத்துக்கு உரியவரின் நாடு ஒரு வார்த்தை சொல்ல இடம் வேண்டாமா? ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் கொண்டுவந்த விதிகளில், கேட்ட தரவைக் கொடுக்க நிறுவனத்துக்குப் பொதுவாக 10 நாள் கெடு, அவசரமென்றால் 8 மணி நேரம். 8 மணி நேரத்தில் யார் எதை யோசித்து மறுப்பார்கள்?

நம் போலீஸ் கேட்டால்? அமெரிக்க நிறுவனங்கள் கடித உள்ளடக்கத்தை வெளிநாட்டு போலீசுக்கு நேரே கொடுக்க, பொதுவாக அமெரிக்கச் சட்டமே தடை. இரு நாடுகளும் 2001-ல் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின்படி, மத்திய உள்துறை வழியாக அமெரிக்க நீதித்துறைக்கும், பின் அங்குள்ள நீதிமன்றத்துக்கும் போக வேண்டும். குற்றத்துக்கும் அந்தக் கணக்குக்கும் என்ன தொடர்பு என்று அவர்கள் அளவுகோலில் காட்ட வேண்டும். வெறும் சந்தேகம் போதாது.

அதற்குள் கணக்குக்காரர் அழித்துவிட்டால்? அதனால்தான் விவரமறிந்த புலனாய்வு அதிகாரி, முறையான கோரிக்கையை எழுத உட்காருமுன், முதல் நாளே நிறுவனத்துக்கு ஒரு வரி அனுப்புவார்: இருப்பதை அப்படியே நகலெடுத்து வையுங்கள். வழக்கமாக 90 நாள் வைத்திருப்பார்கள். தேவையென்றால் நீட்டிக்கக் கேட்கலாம். அந்த 90-வது நாளை நாட்காட்டியில் வட்டமிட்டு வைப்பதும் அவர் வேலைதான்.