சைக்கிளை விட்டு இறங்காமல்

(கோலாலம்பூரில் நடந்த மாணவர் இலக்கியக் கூட்டம் ஒன்றில் பேசியது)

அவையில் இருக்கும் ஆசிரியர்களுக்கும் எழுத்தாளர்களுக்கும் என்னோடு படிக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

போராட்டங்களைப் படிக்கத் தொடங்கிய பிறகு உன் எழுத்து எப்படி மாறியது, அதைப் பற்றிப் பேசு என்று சொன்னார்கள். ஒரு சைக்கிளில் இருந்து தொடங்குகிறேன்.

1941-ஆம் ஆண்டு, பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த மலாயாவில், கிள்ளான் வட்டாரத்துக் கித்தா (ரப்பர்) தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கம் அதன் பின்னால் நின்றது. ஆர்.எச்.நாதன் அதன் முக்கியத் தலைவர். தொழிலாளர்களின் கோரிக்கைப் பட்டியலைக் கையில் எடுத்தபோது, எல்லாம் கூலியைப் பற்றித்தான் இருக்கும் என்று நினைத்தேன். கூலி இருந்தது. சீனத் தொழிலாளிக்குக் கொடுப்பதையே எங்களுக்கும் கொடுங்கள் என்று கேட்டிருந்தார்கள். பிள்ளைகளுக்கு ஒழுங்கான பள்ளிக்கூடம் கேட்டார்கள், மருந்து மாத்திரைக்கு வழி கேட்டார்கள். கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள். பெண்களிடம் யாரும் அத்துமீறக் கூடாது, சொந்தக்காரர்கள் தோட்டத்துக்குள் தடையில்லாமல் வந்துபோக வேண்டும் என்றார்கள். இவற்றோடு இன்னொரு கோரிக்கையும் இருந்தது. துரைக்கும், அதாவது வெள்ளைக்கார நிர்வாகிக்கும், தோட்டத்துக் கணக்கரான கிராணிக்கும் முன்னால் சைக்கிளில் ஏறிப் போக உரிமை வேண்டும்.

அந்த இடத்தில் நின்றுவிட்டேன். அன்று அதற்கு மேல் படிக்க முடியவில்லை.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். விடியும் முன்னே பெரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்குப் போய், ரப்பர் மரம் சீவி, பால் எடுத்து, மிச்சம் பிடித்த காசில் ஒருவர் சைக்கிள் வாங்குகிறார். செம்மண் பாதையில் போகும்போது எதிரே துரை வருகிறார். உடனே இறங்க வேண்டும். ஓரமாக நிற்க வேண்டும். துரை போன பிறகுதான் மறுபடி ஏறலாம். நாளைக்கும் இப்படித்தான், மறுநாளும் இப்படித்தான். பின்னால் பிள்ளை உட்கார்ந்திருந்தால், அப்பா இறங்குவதை அந்தப் பிள்ளையும் பார்த்துக்கொண்டிருக்கும்.

அதுவரை நான் எழுதிய போராட்டக் கவிதைகளில் எரிமலை இருக்கும், விலங்கு இருக்கும், விடியல் கட்டாயம் இருக்கும். ஐந்தாம் படிவத்தில் படிக்கும்போதே மேடையில் வாசித்துக் கைத்தட்டு வாங்கியிருக்கிறேன். அந்தச் சொற்களை நான் மனதார நம்பினேன். ஆனால் அவற்றில் ஒரு முகமும் இல்லை. எந்த நாட்டுப் போராட்டத்துக்கு வேண்டுமானாலும் அப்படியே தூக்கி வைக்கலாம். தன்மானம் என்பதை நான் பத்துக் கவிதைகளில் எழுதியிருப்பேன். அந்தத் தொழிலாளர்கள் சைக்கிள் என்று எழுதினார்கள்.

அப்புறம் வினைச்சொல். 1941 மே மாதத்தில் நாதனைக் கைது செய்து, பிறகு இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். அவரை விடுதலை செய்யச் சொல்லித் தொழிலாளர்கள் திரண்டபோது அரசு படையை இறக்கியது. என் ஆய்வில் இப்படி எழுதியிருந்தேன்: 'துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தனர்.' என் விரிவுரையாளர் அதன் கீழே கோடு போட்டு இரண்டே சொற்கள் எழுதியிருந்தார்: 'யார் சுட்டது?'

அதற்குப் பிறகு எதைப் படித்தாலும் அந்தக் கேள்வியோடுதான் படிக்கிறேன். சூடு நடந்தது, பதற்றம் நிலவியது, கைது செய்யப்பட்டனர், கொல்லப்பட்டனர். நம் மொழியில் 'படு' என்ற ஒரு துணைவினையைச் சேர்த்தால் போதும், செய்தவர் வாக்கியத்தை விட்டே வெளியேறிவிடலாம். நானும் அவருக்குக் கதவு திறந்துவிட்டுக்கொண்டுதான் இருந்தேன். இப்போது என் வாக்கியம் இது: 'காலனி அரசு அனுப்பிய படையினர் சுட்டார்கள். தொழிலாளர்கள் இறந்தார்கள்.' கலவரம், கிளர்ச்சி, வேலைநிறுத்தம் என்று எந்தப் பெயரை எடுக்கிறோம் என்பதும் அப்படித்தான். எடுத்த உடனே நாம் எங்கே நிற்கிறோம் என்பது தெரிந்துவிடுகிறது. தோட்டத்தில் பிறந்த என் பாட்டி 'ஸ்ட்ரைக்கு' என்பார். அவர் அம்மாவும் அப்படித்தான் சொல்வாராம்.

இதே கோலாலம்பூரில், புடு சிறையில், 1949 மே 4-ஆம் தேதி எஸ்.ஏ.கணபதியைத் தூக்கிலிட்டார்கள். அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்தவர். துப்பாக்கி வைத்திருந்தார் என்று காலனி அரசு அவசரகாலச் சட்டத்தின் கீழ் குற்றம் சாட்டியது. இன்று சிறை இல்லை, பேரங்காடி வந்துவிட்டது. பழைய வாசல் மட்டும் நிற்கிறது. ஒரு சனிக்கிழமை அங்கே போய் நின்றேன். முன்பென்றால் கவிதை எழுதியிருப்பேன். அன்று கண்ணில் பட்டதை மட்டும் நோட்டில் குறித்துக்கொண்டு வந்தேன்.

எனக்கு எல்லாவற்றையும் விடப் பெரிய பாடம் நடத்தியவர் என் மாமா. 2007 நவம்பர் 25, ஞாயிற்றுக்கிழமை, இந்து உரிமைகளுக்காகப் போராடிய இண்ட்ராஃப் அமைப்பின் பேரணி. அப்போது ஜாலான் அம்பாங்கில் இருந்த பிரிட்டிஷ் தூதரகத்தில் மனு கொடுக்க ஆயிரக்கணக்கில் நம் மக்கள் திரண்டார்கள். காந்தி படம் ஏந்தி வந்தார்கள். போலீசார் கண்ணீர்ப்புகைக் குண்டு வீசினார்கள், தண்ணீர் பீய்ச்சினார்கள். எனக்கு அப்போது ஐந்து வயது. மாமா அந்தக் கூட்டத்தில் இருந்தார்.

ஆய்வுக்காக அவரிடம், "ஏன் மாமா போனீங்க?" என்று கேட்டேன். "பக்கத்து வீட்டு அண்ணன் கூப்பிட்டாரு. ராத்திரி தூக்கம் வரல. சரி, போவோம்னு போனேன்" என்றார். எனக்கு அது போதவில்லை. '150 ஆண்டு அநீதி அவரை வீதிக்கு அழைத்தது' என்று எழுதிவிட்டேன். எழுதியதை அவரிடமே கொடுத்தேன். கண்ணாடி போட்டு மெதுவாகப் படித்தார். "நல்லா இருக்கும்மா. ஆனா இது நான் சொன்னது இல்லையே" என்றார்.

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. தொழிலாளியின் வாயில் தங்கள் சொல்லை வைத்தார்கள் என்று அந்தக் காலத்து அதிகாரிகளின் அறிக்கைகளை நான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். அதையே நான் என் மாமாவுக்குச் செய்திருக்கிறேன்.

இன்னொரு நாள் போனேன். இந்த முறை கேள்வி கேட்கவில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவராகவே பேசினார். அவர் அப்பா திருவிழாவுக்கு உறுமி அடித்த கோயில், தோட்டத்தை விற்றபோது அதையும் இடித்துவிட்டார்களாம். சாமியை வேனில் ஏற்றியபோது அப்பா வீட்டை விட்டு வெளியே வரவே இல்லையாம். பிறகு பேரணியைப் பற்றிச் சொன்னார். கண் எரிந்து ஒன்றும் தெரியாமல் நின்றபோது முன்பின் தெரியாத ஓர் அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டாராம். "யாருன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. தெரு முனை வரைக்கும் கைய விடல." இரண்டாவது முறை அதை அப்படியே எழுதினேன். அவர் படித்துவிட்டு அத்தையைக் கூப்பிட்டு அவரிடம் கொடுத்தார்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். 1941 வேலைநிறுத்தத்தைப் பற்றி எனக்குக் கிடைத்த தாள்களில் பெரும்பாலானவை அதிகாரிகள் எழுதியவை. உங்களில் யாருடைய தாத்தாவோ பாட்டியோ அந்தக் காலத்தில் கிள்ளான், பந்திங் பக்கத்துத் தோட்டங்களில் இருந்திருக்கலாம். வீட்டில் அதைப் பற்றி ஒரு வரி பேசியிருந்தாலும் எனக்குச் சொல்லுங்கள். தேதி மறந்திருந்தாலும் பரவாயில்லை. கூட்டம் முடிந்ததும் தேநீர் மேசைக்குப் பக்கத்தில் நோட்டோடு உட்கார்ந்திருப்பேன். நன்றி.