பார்க்காத மலையை வரைந்த விதம்

நண்பர்களே, பெர்லினின் பழைய தேசிய ஓவியக்கூடத்தில் ‘வாட்ஸ்மான்’ என்றொரு படம் இருக்கிறது. உயரம் சுமார் 135 செ.மீ., அகலம் 170. ஜெர்மன் ஓவியர் காஸ்பர் டாவிட் ஃப்ரீட்ரிஷ் 1824–25இல் வரைந்தது. வாட்ஸ்மான் என்பது தெற்கு ஜெர்மனியில், பவேரிய ஆல்ப்ஸில் உள்ள ஒரு சிகரம். அங்கே அவர் போனதே கிடையாது. சிகரம், அவருடைய மாணவர் ஆகஸ்ட் ஹைன்ரிஷின் நீர்வண்ணப் படத்திலிருந்து வந்தது. முன்னால் நிற்கும் பாறையோ வேறு ஊர்ப் பாறை. வட ஜெர்மனியின் ஹார்ஸ் மலையில் அவரே வரைந்த குறிப்போவியம். இரண்டும் சேர்ந்தது டிரெஸ்டனில், அவருடைய ஓவிய அறையில்.

ஒட்டு எப்படித் தெரியாமல் போனது? இரண்டுக்கும் நடுவே அவர் காற்றை வரைந்தார்.

மூடுபனி என்றதும் வெள்ளையைக் குழைத்து அப்பக் கை துடிக்கும். அப்பினால் பனி வராது, சுண்ணாம்புச் சுவர்தான் வரும். வெளிர் அடிப்பூச்சின் மேல் கோட்டோவியத்தை முழுதாக முடித்துவிட்டு, அதன்மேல் மிக மெல்லிய படலங்களாக வண்ணம் ஏற்றுவதே ஃப்ரீட்ரிஷின் முறை. காய்ந்த கரும்பாறை மேல் ஈய வெள்ளையை ஒளி ஊடுருவும் அளவுக்கு மெலிதாகத் தேய்த்தால், நீலம் துளியும் கலக்காமலே நீலச்சாயல் தட்டும். கொஞ்சம் தடித்தால் அந்தச் சாயல் போய்விடும்.

இதற்குப் பொறுமை வேண்டும். வண்ணப்பொடியைக் குழைக்கும் ஆளிவிதை எண்ணெய் ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுத்து இறுகுகிறது. கீழ்ப்படலத்தில் எண்ணெய் குறைவாகவும் மேலே போகப் போகக் கூடுதலாகவும் இருக்க வேண்டும். மாற்றிச் செய்தால் மேல்தோல் முதலில் இறுகி, அடிப்பூச்சு பின்னர் அசையும்போது வெடிக்கும். முன்னணிப் பாறைக்கு ஆழம் கூட்ட நிலக்கீல் (தார் போன்ற பொருள்) பழுப்பைத் தடவிய அக்கால ஓவியர்கள் பலர். அந்தக் கருமை முழுதாக இறுகுவதே இல்லை. முதலைத் தோல்போலப் பிளந்துவிடும்.

நீலத்திலும் ஒரு சிக்கல் உண்டு. ‘கடலோரத் துறவி’ படத்தில் ஃப்ரீட்ரிஷ் ஸ்மால்ட்டைப் பயன்படுத்தியிருக்கிறார். அது கோபால்ட் கலந்த கண்ணாடித் தூள். நைஸாக அரைத்தால் நிறமே வெளுக்கும். கொரகொரப்பாக விட்டால் எண்ணெயில் பரவாது. காலப்போக்கில் அந்தக் கண்ணாடியிலுள்ள பொட்டாசியம் கசிந்து சாம்பல் பூக்கும். ஆகவே, பழைய படத்தில் மங்கிய வானத்தைக் கண்டால் எல்லாமே ஓவியரின் சோகம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அதில் பாதி ரசாயனமாக இருக்கலாம்.