ஏதென்ஸின் ஏழை ஒலிம்பிக்கில் ஓட முடிந்ததா?

அடுத்த கேள்வி. “பழங்கால ஏதென்ஸில் குடிமகன் ஒவ்வொருவருக்கும் ஒரு வாக்கு என்றீர்கள். அப்படியானால் செருப்புத் தைப்பவரின் மகன் ஒலிம்பிக்கில் ஓட முடிந்ததா?” என்று நேயர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

ஓடலாம். சட்டம் குறுக்கே நிற்கவில்லை. அடிமைகளைத்தான் அது தடுத்தது. உடற்பயிற்சிக் கூடத்தில் அடிமை பயிற்சி செய்யவோ அதற்காக உடம்பில் எண்ணெய் பூசிக்கொள்ளவோ கூடாது என்பது, ஏதென்ஸுக்குச் சட்டம் வகுத்த சோலோனின் சட்டம். சுதந்திரமான கிரேக்க ஆண் என்றால் போதும். கி.மு. 776இல் ஓட்டத்தில் வென்ற கொரோய்போஸ் ஒரு சமையற்காரர் என்கிறது மரபு.

ஆனால் செருப்புக்கடையில் உட்கார்ந்து கணக்குப் பாருங்கள். பத்து மாதம் பயிற்சி எடுத்ததாக, போட்டி நடக்கும் ஊரான ஒலிம்பியாவில் சத்தியம் செய்ய வேண்டும். அந்தப் பத்து மாதமும் தோலை யார் அறுப்பது? பயிற்சி ஆசிரியருக்குச் சம்பளம் யார் கொடுப்பது? ஒலிம்பியாவுக்கு ஐந்தாறு நாள் நடை வேறு. எனக்கு வியப்பாக இருப்பது இதுதான்: நீதிமன்றத்தில் நடுவராக உட்கார்ந்தால் நாளுக்கு மூன்று ஓபோல் (சிறு வெள்ளிக் காசு), போர்க்கப்பலில் துடுப்பு வலித்தால் கூலி என்று ஏழைக்குப் பணம் கொடுத்த அரசு, அவன் பிள்ளையின் விளையாட்டுப் பயிற்சிக்கு ஒரு காசும் ஒதுக்கவில்லை. அது அப்பன் பாடு.

தேர்ப்பந்தயம் இன்னும் மோசம். உயிரைப் பணயம் வைத்துத் தேர் ஓட்டுபவன் ஒருவன், வெற்றியோ குதிரைகளின் சொந்தக்காரருக்கு. கி.மு. 416இல் ஏதென்ஸின் பணக்கார அரசியல்வாதி அல்கிபியாடீஸ் ஒருவரே ஏழு தேர்களை இறக்கினார். முதலிடம், இரண்டாமிடம், நான்காமிடம் மூன்றும் அவருக்கே என்று அக்கால வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் எழுதுகிறார். மறு ஆண்டு சிசிலிப் படையெடுப்பு பற்றி மக்கள் அவையில் வாதம் நடந்தபோது, தலைமை தாங்கத் தனக்கு ஏன் தகுதி இருக்கிறது என்பதற்கு அவர் முதலில் எடுத்துக்காட்டியதும் அந்த ஏழு தேர்களைத்தான்! கேட்டுக்கொண்டிருந்தவர்களில் துடுப்பு வலிப்பவர்களும் இருந்திருப்பார்கள். முகம் சுளித்தார்களோ என்னவோ, தளபதிகளில் ஒருவராக அவரைக் கப்பலேற்றி அனுப்பிவைத்தார்கள். பணக்காரன் வென்றாலும் ஊர் வென்றதாகவே அவர்கள் எடுத்துக்கொண்டார்கள் என்று நினைக்கிறேன். வென்றவருக்கு ஆயுள் முழுவதும் அரசுச் செலவில் சாப்பாடு போட்டதும் அதனால்தான்.

இந்தச் சாப்பாட்டை நேருக்கு நேர் கேலி செய்தவர் சாக்ரடீஸ். கி.மு. 399இல் வழக்கில் குற்றவாளி என்று தீர்ப்பாகிவிட்டது. என்ன தண்டனை தரலாம் என்று அவரையே கேட்கிறார்கள். ஒலிம்பியாவில் குதிரையோ தேரோ விட்டு வென்றவருக்குப் போடும் அந்தச் சாப்பாட்டை எனக்குப் போடுங்கள், அவருக்குச் சோற்றுக்குப் பஞ்சமில்லை, எனக்கு இருக்கிறது என்றார். மூன்று ஓபோல் கூலிக்கு வந்து உட்கார்ந்திருந்த நடுவர்கள் மரண தண்டனைக்கு வாக்களித்தார்கள்.