முதல் சுற்றில் முன்னால் ஓடியவர்

நேயர்களுக்கு வணக்கம். 800 மீட்டர் ஓட்டம் இருக்கிறதே, அது ஒரு ரெண்டுங்கெட்டான் ஓட்டம். நூறு மீட்டர்க்காரரைப் போல ஒரே பாய்ச்சலில் முடித்துவிட முடியாது. மாரத்தான்காரரைப் போல யோசித்து ஓடவும் நேரமில்லை. தடத்தில் இரண்டே சுற்று. முதல் சுற்றில் எவ்வளவு தெம்பைச் செலவழிப்பது, அடுத்ததற்கு எவ்வளவு மிச்சம் வைப்பது என்பதுதான் வித்தை.

இந்த ஓட்டத்தில் நம் நாட்டின் பெரிய பெயர் ஸ்ரீராம் சிங். ராஜஸ்தான்காரர், 1948இல் பிறந்தவர். ராஜ்புதானா ரைஃபிள்ஸ் படைப்பிரிவில் சேர்ந்தபின் பயிற்சியாளர் இலியாஸ் பாபரிடம் வந்து சேர்ந்தார். 400 மீட்டரிலிருந்து 800க்கு அவரைத் திருப்பிவிட்டவர் பாபர்தான். கணிப்பு வீண்போகவில்லை. ஆசிய விளையாட்டில் 1970இல் வெள்ளி, 1974இல் டெஹ்ரானில் தங்கம், 1978இல் பாங்காக்கில் மறுபடி தங்கம். அர்ஜுனா விருதும் பத்மஸ்ரீயும் கிடைத்தன.

ஆனால் அவரைப் பற்றிப் பேச்சு வந்தால், ஏழாவதாக வந்த ஓர் ஓட்டத்தைத்தான் எல்லோரும் எடுப்பார்கள். நானும் அதைத்தான் எடுக்கப்போகிறேன்.

1976, மாண்ட்ரியல் ஒலிம்பிக் இறுதிப் போட்டி. களத்தில் கியூபாவின் அல்பெர்ட்டோ ஹுவான்டொரேனா இருக்கிறார். நெட்டையான ஆள், நீண்ட எட்டு. அமெரிக்காவின் ரிக் வோல்ஹட்டர், பெல்ஜியத்தின் இவோ வான் டாமே என்று மற்றவர்களும் லேசுப்பட்டவர்கள் அல்ல. இப்படிப்பட்ட கூட்டத்தில் நம் ஆட்கள் பொதுவாகப் பின்னால் ஒட்டிக்கொண்டு ஓடுவார்கள். ஸ்ரீராம் அப்படிச் செய்யவில்லை. முன்னால் போனார். கடைசிச் சுற்றுக்கான மணி அடிக்கும்போது அவர்தான் முதலில். 400 மீட்டரை 50.85 வினாடியில் கடந்திருந்தார்.

அப்புறம்தான் ஹுவான்டொரேனா தாண்டினார். ஒருவர் பின் ஒருவராக மற்றவர்களும் தாண்டினார்கள். ஸ்ரீராமின் இரண்டாம் சுற்றுக்கு 54.92 வினாடி பிடித்தது. கால் கனத்துப்போனது இந்த நான்கு வினாடி வித்தியாசத்திலேயே தெரிகிறது. ஹுவான்டொரேனா 1 நிமிடம் 43.50 வினாடியில் உலக சாதனையோடு தங்கம் வென்றார். ஸ்ரீராமின் வேகம் தனக்கு உதவியது என்று அவரே ஒப்புக்கொண்டதாகச் சொல்வார்கள்.

கொஞ்சம் அடக்கி ஓடியிருந்தால் பதக்கம் கிடைத்திருக்குமா? வெண்கலம் போனது 1:44.12க்கு. ஸ்ரீராம் முடித்தது 1:45.77. இடையில் இருப்பது ஒன்றரை வினாடிக்கும் மேல்; 800 மீட்டரில் அது பத்து மீட்டரைத் தாண்டிய இடைவெளி. முதல் சுற்றை நிதானமாக ஓடி அவ்வளவையும் மிச்சம்பிடித்திருக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. அடக்கி ஓடியிருந்தால் ஐந்தாவதாகவோ ஆறாவதாகவோ வந்திருக்கலாம், அவ்வளவுதான். அதற்காகவா அந்த முதல் சுற்றை விட்டுக்கொடுப்பது?

இன்னொன்றும் உண்டு. ஏழாவதாக வந்த அதே ஓட்டம்தான் அன்றைக்கு ஆசிய சாதனை. அந்தக் காலத்தில் இங்கே வீரர்கள் பெரும்பாலும் மண்ணிலும் கரித்தூள் தடத்திலும்தான் பழகினார்கள் என்பதை நினைத்துக்கொண்டு அந்த நேரத்தைப் பாருங்கள்.

செயற்கைத் தடங்கள் வந்தன, காலணிகள் மாறின, வெளிநாட்டுப் பயிற்சி முகாம்கள் வந்தன. தேசிய சாதனை மட்டும் 42 ஆண்டுகள் அசையவில்லை. 2018இல் குவாஹாட்டியில் கேரளத்தின் ஜின்சன் ஜான்சன் 1:45.65 ஓடி அதை முறியடித்தார். வித்தியாசம் 0.12 வினாடி. ஜின்சனும் ராணுவத்துக்காரர்தான்.