தண்ணீர்ப் பானையை யார் நிரப்புவது?

எல்லோருக்கும் வணக்கம். ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்ததில் கால் மரத்துப் போயிருக்கும், நீட்டிக்கொள்ளுங்கள். புத்தர் சிலைக்கு எதிரே நீட்டலாமா என்று இரண்டு மூன்று பேர் தயங்குவது தெரிகிறது. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டால் சரியாகிவிடும்.

நம் குழுவின் ஆண்டுக் கூட்டத்தில் பேசச் சொன்னபோது, நான் தியானத்தைப் பற்றிப் பேசுவேன் என்றுதான் ஏற்பாடு செய்தவர்கள் நினைத்திருப்பார்கள். அதில் புதிதாகச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. உட்கார்ந்தவருக்குத் தெரியும், உட்காராதவருக்குச் சொன்னாலும் புரியாது. மணி அடித்து முடிந்த பிறகு இந்தக் கூடத்தில் நடப்பதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். பாய் சுருட்டுவது, டீ போடுவது, ஃபேன் வேண்டும் வேண்டாம் என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வது, இதெல்லாம்.

புதிதாக வருகிறவர்கள் ஒரு கேள்வி கேட்கிறார்கள். வீட்டிலேயே உட்காரலாமே, மணி அடிக்க செல்போன் இருக்கிறதே, இரண்டு பஸ் மாறி இங்கே எதற்கு வர வேண்டும் என்று. கூட்டாக உட்கார்ந்தால் ஏதோ சக்தி பரவும் என்று சிலர் பதில் சொல்கிறார்கள். பரவலாம். அளந்து பார்க்க என்னிடம் கருவி இல்லை. வீட்டில் முழங்கால் வலித்தால் எழுந்துவிடுவோம், இங்கே பக்கத்தில் இருப்பவர் என்ன நினைப்பாரோ என்று உட்கார்ந்திருப்போம். அந்த வெட்கம் நல்ல வெட்கம்தான். ஆனால் இவ்வளவுதான் காரணம் என்றால் செல்போனே போதும்.

பழைய நூல்கள் என்ன சொல்கின்றன என்று பார்ப்போம். பாலி மொழி விநய பிடகத்தில் மகாவக்கம் என்று ஒரு பகுதி உண்டு. துறவிகள் எப்படிச் சேர்ந்து வாழ வேண்டும் என்பதற்கான விதிகளும், ஒவ்வொரு விதியும் எந்தத் தகராறில் பிறந்தது என்ற கதையும் அதில் இருக்கின்றன. எனக்கு விதிகளைவிடத் தகராறுகள்தான் பிடிக்கும்.

மகத அரசன் பிம்பிசாரன் ஒருநாள் புத்தரிடம் வருகிறான். மற்ற சமயத்துத் துறவிகள் பட்சத்தின் எட்டாம் நாளிலும் பதினான்கு, பதினைந்தாம் நாட்களிலும் கூடிப் பேசுகிறார்கள், மக்கள் கேட்கப் போகிறார்கள், நம்மவர்களும் கூடலாமே என்கிறான். புத்தர் சம்மதிக்கிறார். துறவிகள் கூடுகிறார்கள். கூடி, வாயே திறக்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள்! கேட்க வந்த ஜனங்களுக்குக் கோபம். ஊமைப் பன்றிகள் மாதிரி உட்கார்ந்திருக்கிறார்களே என்று திட்டுகிறார்கள். நான் சொல்லவில்லை, நூலில் அப்படியே இருக்கிறது. அதற்குப் பிறகுதான், கூடும் நாளில் தம்மம், அதாவது என் போதனையைப் பற்றிப் பேசுங்கள் என்று புத்தர் சொல்கிறார். உபோசத நாள் இப்படித்தான் தொடங்கியது. பக்கத்து இலங்கையில் அதுதான் போயா. 1966 முதல் 1971 வரை அங்கே ஞாயிற்றுக்கிழமை வார விடுமுறையையே எடுத்துவிட்டுப் போயாவை விடுமுறையாக்கினார்கள். இப்போது ஞாயிறு திரும்பி வந்துவிட்டது, பௌர்ணமி விடுமுறையும் இருக்கிறது. கொடுத்து வைத்தவர்கள்.

அடுத்த கதைக்காகத்தான் இன்று பேச ஒப்புக்கொண்டேன். கோசல நாட்டில் சில துறவிகள் மழைக்காலத்தைச் சேர்ந்து கழிக்கிறார்கள். சண்டை வராமல் இருக்க ஓர் ஏற்பாடு செய்துகொள்கிறார்கள். பிச்சை வாங்கிக்கொண்டு முதலில் திரும்புகிறவர் இருக்கை போட்டுத் தண்ணீர் வைக்க வேண்டும். கடைசியில் வருகிறவர் எல்லாவற்றையும் எடுத்து வைத்துக் கூட்ட வேண்டும். பானை காலியாக இருப்பதை யார் பார்க்கிறாரோ அவர் நிரப்ப வேண்டும். தனியாகத் தூக்க முடியாவிட்டால் கையால் சைகை செய்து இன்னொருவரைக் கூப்பிட வேண்டும். பேச்சு மட்டும் கூடாது. மூன்று மாதமும் அப்படியே இருந்துவிட்டு, பாராட்டு கிடைக்கும் என்று சாவத்திக்குப் போய்ப் புத்தரிடம் சொல்கிறார்கள். அவருடைய பதில் கடுமையானது. ஆடுமாடுகள் மாதிரி ஒன்றாக இருந்துவிட்டு நிம்மதியாக இருந்தோம் என்கிறீர்களே என்கிறார்.

இப்போது புத்தரின் உரைகளைத் தொகுத்த மஜ்ஜிம நிகாயத்துக்கு வாருங்கள். கோசிங்க வனத்தில் அநுருத்தர், நந்தியர், கிம்பிலர் என்று மூவர் இருக்கிறார்கள். பாலும் நீரும் போலக் கலந்து வாழ்கிறோம் என்று புத்தரிடம் சொல்கிறார்கள். எப்படி என்று கேட்கிறார். அதே இருக்கை, அதே கூட்டல், அதே பானை, அதே சைகை! கிட்டத்தட்ட வார்த்தைக்கு வார்த்தை ஒரே வாசகம். ஆனால் இவர்களைப் பாராட்டுகிறார். என்ன வித்தியாசம்? கடைசியில் ஒரு வரி கூடுதலாக வருகிறது. ஐந்து நாளைக்கு ஒருமுறை இரவு முழுவதும் உட்கார்ந்து தம்மத்தைப் பற்றிப் பேசுவோம் என்கிறார்கள். அதோடு, என் விருப்பத்தைத் தள்ளிவைத்துவிட்டு இவர்கள் விருப்பப்படி நடந்தால் என்ன என்று ஒவ்வொருவரும் நினைக்கிறார்களாம். மௌனத்திலும் வேலைப் பங்கீட்டிலும் இரண்டு கூட்டமும் சமம். ஒரு கூட்டம் மௌனத்தைச் சண்டைக்குப் பூட்டாகப் பயன்படுத்தியது. நாமும் அதைத்தான் செய்கிறோமோ என்பது என் சந்தேகம். ஃபேன் விஷயத்தில் மனக்கசப்பு வந்து மாதக்கணக்காக ஒருவருக்கொருவர் பேசாதவர்கள் இங்கே இருக்கிறார்கள். ஆரிய மௌனம், அதாவது தியானத்தின் உயர்ந்த மௌனம் என்று அதற்குப் பேர் வைத்துக்கொள்ளாதீர்கள்.

அந்தக் கோசலத் துறவிகளின் காரணமாகத்தான் மழைக்கால முடிவில் பவாரணை என்ற சடங்கு வந்தது. ஒவ்வொருவரும் சபை முன் கைகூப்பி, என்னிடம் நீங்கள் கண்டது, கேட்டது, சந்தேகப்பட்டது எதுவானாலும் பரிவோடு சொல்லுங்கள் என்று கேட்க வேண்டும். மூத்தவரும் கேட்க வேண்டும். நம் ஊர்ச் சங்கங்களில் இதை நினைத்துப் பாருங்கள். தலைவர் எழுந்து என் குறையைச் சொல்லுங்கள் என்றால், பொன்னாடைதான் போர்த்துவோம்.

இன்னொன்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வயிற்றுப்போக்கில் கிடந்த ஒரு துறவியைப் புத்தர் பார்க்கிறார். தன் கழிவிலேயே கிடக்கிறார் அவர். ஏன் உன்னை யாரும் கவனிக்கவில்லை என்று கேட்டால், நான் அவர்களுக்கு எந்த உதவியும் செய்ததில்லை, அதனால் கவனிக்கவில்லை என்கிறார். புத்தர் தண்ணீர் ஊற்ற, ஆனந்தர் கழுவிவிடுகிறார். இருவருமாகத் தூக்கிக் கட்டிலில் கிடத்துகிறார்கள். உங்களைப் பார்த்துக்கொள்ள இங்கே அப்பா அம்மா இல்லை, நீங்களே ஒருவரையொருவர் பார்க்காவிட்டால் வேறு யார் பார்ப்பார்கள் என்று பிறகு சங்கத்தாரிடம் கேட்கிறார்.

நம் மண்ணில் இந்த மாதிரிக் கூடுகை புதிதில்லை. 1898இல் அயோத்திதாசப் பண்டிதர் பிரம்மஞான சபையின் கர்னல் ஆல்காட்டோடு கொழும்பு போய், பௌத்தரின் ஐந்து ஒழுக்க உறுதிகளான பஞ்சசீலம் ஏற்றுத் திரும்பி, சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். இராயப்பேட்டையில் இருந்தது அது. கிளைகளில் முக்கியமானவை கோலார் தங்கவயலில், வட ஆர்க்காட்டுப் பக்கத்திலிருந்து சுரங்க வேலைக்குப் போன நம் ஜனங்கள் நடத்தியவை. பிழைக்கப் போனவர்கள் வழியாகப் பர்மாவரைக்கும் பரவியது. தியானம் அங்கே பெரிய விஷயமில்லை. சொற்பொழிவு, வாசிப்பு, பள்ளிக்கூடம், பஞ்சசீலம் சொல்லிக் கல்யாணம், சாவு வீட்டுக் காரியம், இவைதான். 1907இல் பண்டிதர் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ என்ற வார இதழ் இந்தக் கிளைகளை ஒன்றோடொன்று இணைத்தது. தெருவில் நடக்கவும் கோயிலில் நுழையவும் தடை இருந்த மக்களுக்கு, சமமாக உட்காரும் ஒரு கூடம் என்றால் என்ன அர்த்தம் என்று யோசித்துப் பாருங்கள். மனஅழுத்தம் குறைய வருகிற நாம் அதை லேசாக மறந்துவிடுகிறோம்.

ஏன் சொல்கிறேன் என்றால், இங்கே தம்ளர் கழுவுவது யார் என்று கவனித்துக்கொண்டிருக்கிறேன். எப்போதும் அதே இரண்டு அம்மாக்கள். சமத்துவத்தைப் பற்றி நன்றாகப் பேசுகிற அண்ணன்கள் அப்போது வாசலில் செருப்புத் தேடிக்கொண்டிருப்பார்கள். கொடைக்கானல் பக்கம் பெருமாள்மலையில் இயேசு சபைத் துறவி அமா சாமி 1996இல் தொடங்கிய போதி ஜென்டோ என்ற ஜென் தியான மையத்தில் தினமும் உடல் உழைப்பும் பயிற்சியின் ஒரு பகுதி. விபாசனா தியான ஆசிரியர் கோயங்கா வழியிலான பத்து நாள் முகாம்களில், முன்பு பயிற்சி எடுத்தவர்கள்தான் சம்பளமில்லாமல் வந்து சமைத்துப் போடுகிறார்கள். அங்கேயும் மனத்தாங்கல் வரும். சமையலறையில் வராமல் எங்கே வரும்?

சரி, செய்ய வேண்டியதற்கு வருகிறேன். பௌர்ணமியை ஒட்டிய கூட்டத்தில் உட்காரும் நேரத்தை அரை மணியாக்கிவிட்டு, மீதி அரை மணி பேசலாம். ஒருவர் ஐந்து நிமிடத்துக்கு மேல் பேசக்கூடாது, முக்கியமாக நான். வருகைப் பதிவேடு ஒன்று இருக்கட்டும். இரண்டு வாரம் வராதவருக்கு யாராவது போன் செய்ய வேண்டும், ஏன் வரவில்லை என்று விசாரிக்க அல்ல, உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்க. மாடிப்படி ஏற முடியாமல் நின்றுவிட்ட பெரியவர்கள் வீட்டில் மாதம் ஒரு முறை நாமே போய் உட்காரலாம். ஃபேன் பக்கம் யார், ஓரம் யார் என்பதை வாராவாரம் மாற்றிக்கொள்ளலாம்.

தம்ளர் கழுவும் அட்டவணை செருப்பு வைக்கும் இடத்துக்கு மேலே ஒட்டியிருக்கிறது. அண்ணன்கள் பெயர் முதலில். பேனாவை நூலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன், காணாமல் போகாது. இப்போது டீ ஆறிக்கொண்டிருக்கிறது, வாருங்கள்.