காந்தி பூங்காவில ஒரு திருத்தம் | மட்டக்களப்பு வ்லாக்

வணக்கம் மக்கள். காத்துச் சத்தம் கேக்குது என்ன... பொறுங்க, மைக்கை உள்பக்கம் திருப்பிறன். ஆ, இப்ப சரி.

காந்தி பூங்காவில நிக்கிறன். வாவிப் பக்கம் நல்ல வெயில். காந்தி தாத்தாக்கிட்ட வழமை போல செல்பிக் கூட்டம். நான் வந்தது அவருக்கில்ல, மட்டக்களப்பு வாசலடியில நிக்கிற இவருக்கு. வில்லியம் ஓல்ட்ட சிலை.

போன வீடியோவில ஒரு பிழை விட்டுட்டன். "இந்த வெள்ளைக்காரப் பாதிரியார் கனகாலம் எங்கட ஊர்ல இருந்தவர்" எண்டு சும்மா அளந்துட்டன். எங்கட அப்பா இஞ்சத்த சென்ரல் கல்லூரிப் பழைய மாணவர். சோத்தோட இருந்து வீடியோ பாத்தவர், கை கழுவாமலே எழும்பி வந்துட்டார். "கனகாலமா? எட்டு மாசம்டா மனே!"

அவர் சொன்னது சரிதான். 1813 டிசம்பர் கடைசியில, இங்கிலாந்தில கப்பல் ஏறின, மெதடிஸ்த எண்ட கிறிஸ்தவ சபைட மிஷனரிமாரில இவரும் ஒராள். பெண்சாதியும் கூட. சூயஸ் கால்வாய் இல்லாத காலம், ஆபிரிக்காவைச் சுத்தித்தான் வரணும். வழியில, கடல்லயே பெண்சாதி செத்துட்டா. மறுகா மே மாசம், எல்லாரையும் கூட்டிக்கொண்டு வந்த தோமஸ் கோக், ஒரு நாள் விடியப் பாத்தா அவர்ட அறையில செத்துக் கிடக்கிறார். மிச்ச ஆக்கள் பம்பாயில இறங்கினாங்க. அதில அஞ்சு பேர் 1814 ஜூன் கடைசியில காலிக்கு வந்து, ஆர் எங்க போறது எண்டு பிரிச்சவங்க. லிஞ்சும் ஸ்குவான்சும் சோடியா யாழ்ப்பாணம். எர்ஸ்கின் மாத்தறை. க்ளஃப் காலியிலயே. ஓல்ட்டுக்கு எங்கட ஊர்.

நினைச்சுப் பாருங்க. பெண்சாதி செத்து ஆறு மாசம். தெரிஞ்ச முகம் ஒண்டும் இல்லாத கரையில, இந்த வாசலடியில வந்து இறங்கிறார். நானெண்டா அடுத்த தோணியில திரும்பியிருப்பன். இவர் அந்த 1814லயே பள்ளிக்கூடம் தொடங்கிட்டார். அதுதான் இண்டைக்கு மெதடிஸ்த மத்திய கல்லூரி, அப்பாட சென்ரல். 1815 ஏப்ரல் 1ஆம் திகதி ஆள் செத்துட்டார்.

மதம் மாத்த வந்தவர்தானே எண்டு கேப்பீங்க. ஓம், அதுக்குத்தான் வந்தவர். அத மறைக்க ஏலாது. ஆனா எங்கட அப்பா அந்தப் பள்ளிக்கூடத்தில படிச்சிட்டு, இண்டைக்கும் வெள்ளிக்கிழமையில மாமாங்கம் கோயிலுக்குப் போய்த்தான் சாப்பிடுறார்.

இஞ்ச பாருங்க, கிட்டக் காட்டுறன். தோளில காகத்திட எச்சம், காஞ்சு வெடிச்சுக் கிடக்கு. காலடியில கச்சான் கோது. கையில தண்ணிப் போத்தல் இருக்கு, ஆனா எட்டாது. ஏறினா ஆரும் ஏசுவாங்களோ தெரியா... கோதை மட்டும் கூட்டி அள்ளுறன், போனைப் பீடத்தில வச்சிட்டு. ஆடுது, மன்னிச்சுக்குங்க.

அப்பா, திருத்திட்டன். இனிச் சோத்தைத் திண்டு முடிங்க.