லம்பியின் மூன்று பந்துகள்

நண்பர்களே, வணக்கம்.

கிரிக்கெட் வரலாற்றைப் பேச வருபவர்கள் லார்ட்ஸ் மைதானத்தில் தொடங்குவது வழக்கம். நான் அதற்கும் முன்னால், 1775-ஆம் ஆண்டு கோடைக்குப் போகிறேன். மே 22. லண்டனில் ஆர்ட்டிலரி மைதானம். ஹாம்பிள்டன் அணியில் ஐந்து பேர், கெண்ட் அணியில் ஐந்து பேர். ஒரு நேரத்தில் ஒருவரே மட்டை பிடிக்கும் ஒற்றை விக்கெட் ஆட்டம்.

அன்றைய விக்கெட்டை மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். இரண்டே ஸ்டம்புகள், மேலே குறுக்காக ஒரு சிறு குச்சி, அதாவது பெயில். உயரம் 22 அங்குலம், அகலம் 6 அங்குலம். நடுவே வெறும் காற்று. ஒரு பந்து தாராளமாகப் புகுந்து போகலாம். பெயில் விழாவிட்டால் ஆட்டக்காரர் அவுட் இல்லை.

கெண்ட் அணிக்குப் பந்து வீசியவர் எட்வர்ட் ஸ்டீவன்ஸ். ஊரெல்லாம் அவரை ‘லம்பி’ என்றே அழைத்தது. டாங்கர்வில் பிரபுவின் தோட்டக்காரர். கையைத் தோளுக்குக் கீழே வைத்து வீசும் காலம் அது. அந்த வீச்சில் குறி தவறாதவர் என்று பெயர் எடுத்தவர். எதிரே ஹாம்பிள்டனின் கடைசி ஆட்டக்காரர், பீட்டர்ஸ்ஃபீல்டைச் சேர்ந்த ஜான் ஸ்மால். செருப்புத் தைக்கும் தொழிலில் இருந்து மட்டையும் பந்தும் செய்யும் தொழிலுக்கு வந்தவர். வெற்றிக்கு 14 ரன் வேண்டும்.

லம்பி ஸ்மாலின் மட்டையை ஏமாற்றினார், ஒரு தடவை அல்ல, மூன்று தடவை! மூன்று பந்துகளும் இரண்டு ஸ்டம்புகளுக்கும் நடுவே நுழைந்து பின்னால் போய்விட்டன. பெயில் அசையவில்லை. ஸ்மால் நின்று 14 ரன்னையும் எடுத்தார். ஹாம்பிள்டன் வென்றது.

எனக்கு நெஞ்சு கொதிப்பது இங்கேதான். சற்றே விலகிய பந்து ஸ்டம்பில் பட்டால் விக்கெட். நூல் பிடித்தாற்போல் நடுவே போன பந்துக்கு ஒன்றுமில்லை. இது என்ன நியாயம்? பார்த்தவர்களும் அதையேதான் கேட்டார்கள்.

அதற்கு முந்தைய ஆண்டுதான் பால்மால் தெருவின் ஸ்டார் அண்ட் கார்ட்டர் விடுதியில் பிரபுக்கள் கூடி விதிகளைத் திருத்தியிருந்தார்கள். விக்கெட்டுக்குப் போகும் பந்தைக் காலால் மறித்தால் அவுட் என்னும் எல்.பி.டபிள்யூ. விதி அப்போது வந்ததுதான். டாங்கர்வில் பிரபுவும் அந்தக் குழுவில் இருந்தார். ஆனால் இந்த இடைவெளி யார் கண்ணிலும் படவில்லை. அதைக் காட்டிக்கொடுக்க அவருடைய தோட்டக்காரரே வர வேண்டியிருந்தது.

ஸ்மாலைக் குறை சொல்ல மாட்டேன். 1771-இல் லேல்ஹாம் பர்வே மைதானத்தில் ஹாம்பிள்டனுக்கு எதிராகத் தாமஸ் ஒயிட் என்பவர் விக்கெட்டையே மறைக்கும் அகல மட்டையோடு வந்து நின்றார். அந்த ஆட்டத்தை ஹாம்பிள்டன் ஒரு ரன்னில் வென்றுவிட்டது. வென்ற பிறகும் விடவில்லை; மட்டையின் அகலம் நாலேகால் அங்குலத்தைத் தாண்டக் கூடாது என்று எழுதிக் கையெழுத்திட்டார்கள். கையெழுத்திட்ட மூவரில் ஸ்மாலும் ஒருவர். மட்டை செய்து பிழைத்தவர் மட்டைக்கே எல்லை கட்டினார்! இன்றைக்கும் அதே நாலேகால் அங்குலம்தான். இதே 1775 ஜூலையில், பிராட்ஹாஃப்பென்னி டவுனில் சர்ரே அணிக்கு எதிராக 136 ரன் குவித்தவரும் அவரே.

லம்பியின் பந்துகள் காட்டிய இடைவெளியை அடைக்க நடுவே மூன்றாவது ஸ்டம்ப் வந்தது; ஆனால் எல்லா ஊருக்கும் ஒரே நாளில் வந்துவிடவில்லை. ஆட்டம் சீக்கிரம் முடிந்துவிடுமே என்று அஞ்சியவர்களும் இருந்தார்கள். நடந்தது வேறு. நேராக வரும் பந்தைத் தவறவிட்டால் தப்ப வழியில்லை என்று ஆனதும், கண்ணை மூடிக்கொண்டு அடித்தவர்கள்கூட மட்டையை நேராகப் பிடித்துத் தடுத்தாடக் கற்றார்கள்.